சர்வர் ஓடுது, ஃப்ரெண்ட்ஸ்தான் உள்ள வர முடியல! வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல வீட்லயே கேம் சர்வர் போடறத பத்திதான், அதனால பிரிண்டர், பேட்டரி கேள்வி எல்லாம் அடுத்த இதழுக்கு தள்ளியாச்சு, அனுப்பினவங்க கோச்சுக்காதீங்க.

கேள்வி: அண்ணா, வீட்டு கம்ப்யூட்டர்ல மைன்கிராஃப்ட் ஜாவா சர்வர் போட்டிருக்கேன். நான் உள்ள போயிடறேன், அதே வைஃபைல இருக்கற தங்கச்சி லேப்டாப்ல இருந்தும் வருது. ஆனா வெளிய இருக்கற ஃப்ரெண்ட்ஸ் எல்லாருக்கும் "கனெக்‌ஷன் டைம்ட் அவுட்"னு வருது. ரூட்டர்ல 25565-ங்கற போர்ட்ட (மைன்கிராஃப்ட் சர்வரோட வாசல் நம்பர்) என் கம்ப்யூட்டருக்கு ஃபார்வர்ட் பண்ணியாச்சு, ஃபயர்வால ஆஃப் பண்ணி கூட பாத்துட்டேன். வேற என்ன இருக்கு?

பதில்: தம்பி, மொதல்ல அந்த ஃபயர்வால திரும்ப ஆன் பண்ணிட்டு வாங்க, பாதி பேர் இத ஆஃப் பண்ணிட்டு அப்படியே மறந்துடறாங்க.

தங்கச்சி லேப்டாப்ல வருதுன்னு சொன்னீங்க பாருங்க, அந்த ஒரு வரியிலேயே பாதி வேலை முடிஞ்சுது. சர்வர் சரியா ஓடுது, உங்க கம்ப்யூட்டரும் வெளி மிஷின உள்ள விடுது. அப்ப சிக்கல் ரூட்டர்லயோ ரூட்டருக்கு அந்தப் பக்கமோதான். அதனால சர்வர் ஃபைல்ஸ நோண்டறத விடுங்க, சர்வர அழிச்சு திரும்ப போடறதெல்லாம் வெட்டி வேலை.

அடுத்து அந்த எரர கொஞ்சம் கவனிங்க. "கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்"னு வந்தா பாக்கெட் (நெட்ல போற தகவல் துண்டு) எங்கயோ ஒரு மிஷின் வரைக்கும் போயிருக்கு, அந்த மிஷின் "இந்த போர்ட்ல யாரும் இல்ல"ன்னு பதில் சொல்லியிருக்குன்னு அர்த்தம். "டைம்ட் அவுட்"னா யாருமே பதில் சொல்லல, பாக்கெட்ட நடுவுல எவனோ சத்தமில்லாம முழுங்கிட்டான். "அன்நோன் ஹோஸ்ட்"னா அட்ரஸே தப்பு, பெரும்பாலும் டைப்பிங் மிஸ்டேக். சில ரூட்டர் தானே முந்திக்கிட்டு ரெஃப்யூஸ்டுன்னு சொல்லிடும், அதனால இத வேதவாக்கா எடுத்துக்க வேணாம், ஆனா எங்க தேட ஆரம்பிக்கணும்ங்கறதுக்கு இத விட நல்ல துப்பு கிடையாது.

உங்களுக்கு வர்றது டைம்ட் அவுட். அப்ப ரூட்டர் பேஜுக்குள்ள போய் ஸ்டேட்டஸ்ல வேன் ஐபின்னு (WAN IP, ரூட்டரோட வெளிப்பக்க அட்ரஸ்) ஒரு நம்பர் இருக்கும், அத எழுதி வெச்சுக்கோங்க. அப்பறம் பிரவுசர்ல "வாட் இஸ் மை ஐபி"ன்னு தேடி வர்ற நம்பரையும் பாருங்க, விபிஎன் ஏதாவது ஓடினா நிறுத்திட்டு பாக்கணும், இல்லன்னா தப்பான நம்பர் காட்டும். ரெண்டும் ஒண்ணா இருந்தா நல்ல செய்தி, ஃபார்வர்ட் ரூல்லதான் கோளாறு. வேற வேறயா இருந்து, ரூட்டர்ல 192.168-ல ஆரம்பிக்கற நம்பர் இருந்தா உங்க ரூட்டருக்கு முன்னாடி இன்னொரு ரூட்டர் இருக்கு, பெரும்பாலும் இன்டர்நெட் கம்பெனி குடுத்த அந்த மோடம் பெட்டிதான், அதுவும் ரூட்டர் வேலை பாக்குது. இதுதான் டபுள் நாட், அதாவது வீட்டு அட்ரஸ வெளி அட்ரஸா மாத்தற வேலை (NAT) ரெண்டு தடவ நடக்குது. ஒண்ணு அந்த பெட்டிய பிரிட்ஜ் மோடுக்கு (ரூட்டர் வேலைய விட்டுட்டு வெறும் மோடமா இருக்கறது) மாத்தணும், இல்ல ரெண்டு இடத்துலயும் ஃபார்வர்ட் போடணும். 100.64-ல இருந்து 100.127 வரைக்கும் ஏதாவது நம்பர்னா கதையே வேற, கீழ தனியா சொல்லியிருக்கேன். 10-ல ஆரம்பிச்சா ரெண்டுல எதுவா வேணா இருக்கலாம், வீட்ல ரெண்டாவது பெட்டி இருக்கான்னு மொதல்ல பாருங்க.

ரெண்டு நம்பரும் ஒண்ணுன்னு வெச்சுப்போம். கமாண்ட் பிராம்ப்ட்ல ஐபிகான்ஃபிக் அடிச்சு ஐபிவி4 அட்ரஸ் பாருங்க, 192.168.1.37-ன்னு வருதுன்னு வைங்க. ரூட்டர் ரூல்ல 192.168.1.35-ன்னு இருந்தா அதுதான் திருடன். கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகும்போது ரூட்டர் வேற நம்பர் குடுத்திருக்கும், ரூல் பழைய நம்பருக்கே அனுப்பிட்டு இருக்கும். இதுக்கு டிஹெச்சிபி ரிசர்வேஷன் போட்டு நம்பர நிரந்தரமாக்கிடுங்க. இதுலயும் ஒரு உள்குத்து இருக்கு, ரிசர்வேஷன் மேக் அட்ரஸ (நெட்வொர்க் கார்டோட அடையாள நம்பர்) வெச்சுதான் வேலை செய்யும், கேபிளுக்கு ஒரு மேக், வைஃபைக்கு ஒரு மேக், கேபிள் மேக்குக்கு ரிசர்வ் பண்ணிட்டு வைஃபைல ஓட்டினா பலன் இல்ல, விண்டோஸ்ல "ரேண்டம் ஹார்ட்வேர் அட்ரஸ்"ங்கற செட்டிங் ஆன்ல இருந்தாலும் அதே கதிதான்.

ரூல் ஃபார்ம்ல இன்னொரு இடத்துலயும் நிறைய பேர் வழுக்கி விழறாங்க. சில ரூட்டர்ல "சோர்ஸ் போர்ட்"னு ஒரு கட்டம் இருக்கும், அதுலயும் 25565 போட்டுடறாங்க. உங்க ஃப்ரெண்டோட கம்ப்யூட்டர் கிளம்பும்போது ஏதோ ஒரு போர்ட்ல இருந்துதான் கிளம்பும், ஒவ்வொரு தடவையும் அது மாறும், அதனால அந்த கட்டத்த காலியா விடணும். எக்ஸ்டர்னல், இன்டர்னல் ரெண்டுக்கும் 25565, புரோட்டோகால் டிசிபி, அவ்ளோதான். சர்வர் புராப்பர்ட்டீஸ் ஃபைல்ல சர்வர்-ஐபிங்கற வரியையும் காலியாவே விடுங்க, அங்க பப்ளிக் ஐபிய போட்டா "ஃபெயில்ட் டு பைண்ட் டு போர்ட்"னு சர்வர் கிளம்பவே கிளம்பாது.

இவ்வளவும் பாத்தும் வரலன்னா வயர்ஷார்க் (வர்ற போற பாக்கெட்ட எல்லாம் காட்டற புரோகிராம்) போட்டு ஃபில்டர்ல டிசிபி போர்ட் 25565-ன்னு குடுத்துட்டு ஃப்ரெண்ட கனெக்ட் பண்ண சொல்லுங்க. அவர் பட்டன அமுக்கினதும் ஸ்கிரீன்ல சின்-ன்னு (SYN, கனெக்ட் பண்ண கேக்கற மொதல் பாக்கெட்) ஒரு வரி வரணும். சின் மட்டும் திரும்ப திரும்ப வந்து நம்ம பக்கம் இருந்து பதில் போகலன்னா உங்க கம்ப்யூட்டர் ஃபயர்வால், ஏன்னா வயர்ஷார்க் ஃபயர்வாலுக்கு முன்னாடியே பாத்துடும். ஒரு வரி கூட வரலன்னா பாக்கெட் உங்க கம்ப்யூட்டர் வரைக்கும் வரவே இல்ல, திரும்ப ரூட்டர் பேஜுக்கு போங்க.

கேள்வி: ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் பப்ளிக் ஐபி போட்டு ஜாலியா விளையாடறாங்க, அதே ஐபிய என் வீட்ல நான் போட்டா மட்டும் கனெக்ட் ஆகல. ஏன் சார்?

பதில்: உங்க ரூட்டருக்கு ஹேர்பின் நாட் தெரியல, நாட் லூப்பேக்னும் சொல்வாங்க. உள்ள இருந்து கிளம்பி வெளி அட்ரஸுக்கு போய் திரும்ப உள்ளயே வர்ற பாக்கெட்ட என்ன பண்றதுன்னு தெரியாம அது விட்டுடுது. நீங்க லோக்கல் ஐபிய போட்டு விளையாடுங்க, ஒரு குறையும் இல்ல. இதுல ஒரு பாடமும் இருக்கு, "வெளிய இருந்து வருதா"ன்னு டெஸ்ட் பண்ண உங்க வீட்டு வைஃபைல இருந்தே பப்ளிக் ஐபி போட்டு பாத்துட்டு "வேலை செய்யல"ன்னு முடிவு பண்ணிடாதீங்க. லேப்டாப்ப மொபைல் ஹாட்ஸ்பாட்ல கனெக்ட் பண்ணி பாருங்க, அதுதான் நிஜமான டெஸ்ட்.

கேள்வி: ரூட்டர்ல வேன் ஐபி 100.72-ல ஆரம்பிக்குது. வெளிய பாத்தா வேற நம்பர். போர்ட் ஃபார்வர்ட் எத்தன தடவ போட்டாலும் பிரயோஜனம் இல்ல. ரூட்டர் மாத்தணுமா?

பதில்: ரூட்டர் மேல தப்பே இல்ல, காச வேஸ்ட் பண்ணாதீங்க. நீங்க மாட்டியிருக்கறது சிஜிநாட்ல (CGNAT, கம்பெனி பக்கத்துலயே நடக்கற நாட்). ஐபிவி4-ல மொத்த அட்ரஸே சுமார் 429 கோடிதான், உலகத்துல இருக்கற போன், டிவி, கேமரா எல்லாத்துக்கும் அது எந்த மூலைக்கு? அதனால இன்டர்நெட் கம்பெனிங்க நிறைய வீட்டுக்கு சேத்து ஒரே பப்ளிக் ஐபிய குடுக்கறாங்க, அவங்க நெட்வொர்க்குக்குள்ள பயன்படுத்தறதுக்குன்னே 2012-ல 100.64-ல இருந்து 100.127 வரைக்கும் ஒதுக்கி வெச்சாங்க. நீங்க உங்க வீட்டு கதவ தொறந்துதான் வெச்சிருக்கீங்க, ஆனா தெரு முனைல இருக்கற பெரிய கேட் பூட்டியிருக்கு, சாவி கம்பெனிகிட்ட.

கம்பெனிக்கு போன் போட்டு "பப்ளிக் ஐபி வேணும்"னு கேளுங்க, சில இடத்துல கேட்டாலே குடுப்பாங்க, சில இடத்துல தனி கட்டணம். போன் எடுக்கறவருக்கு சிஜிநாட்னா என்னன்னு தெரியாம "மோடம ரீஸ்டார்ட் பண்ணுங்க சார்"னு சொல்ல வாய்ப்பு அதிகம், டெக்னிக்கல் டீமுக்கு மாத்த சொல்லி பிடிவாதமா நில்லுங்க.

அது நடக்கலன்னா, விளையாடறது நாலஞ்சு பேர்தான்னா டெயில்ஸ்கேல் இல்ல ஜீரோடயர் போடுங்கன்னுதான் நான் சொல்வேன். எல்லாரும் அந்த ஆப்ப இன்ஸ்டால் பண்ணினா எல்லா கம்ப்யூட்டரும் ஒரே வீட்டு நெட்வொர்க்ல இருக்கற மாதிரி ஆயிடும், போர்ட் ஃபார்வர்டே வேணாம். ரெண்டு பக்கமும் நேரா கனெக்‌ஷன் கிடைச்சா வேகமும் நல்லா இருக்கும், கிடைக்கலன்னா நடுவுல ரிலே வழியா போகும், அப்ப பிங் (பதில் வர்றதுக்கு ஆகற நேரம்) கொஞ்சம் ஏறும். ஒரு விஷயம், டெயில்ஸ்கேல் குடுக்கற அட்ரஸும் அதே 100.64 - 100.127 வரிசைலதான் வரும், அத பாத்துட்டு "ஐயோ திரும்ப சிஜிநாட்டா"ன்னு பதற வேணாம். முன்பின் தெரியாதவங்களும் வந்து விளையாடணும், அவங்கள ஆப் போட சொல்ல முடியாதுன்னா பிளேஇட் மாதிரி டனல் சர்வீஸ் (அவங்க சர்வர் வழியா உங்க வீட்டுக்கு கொண்டு வர்றது) இருக்கு, இல்ல சின்னதா ஒரு விபிஎஸ் (VPS, இன்டர்நெட்ல இருக்கற வாடகை சர்வர்) எடுத்து வயர்கார்டுங்கற விபிஎன் வழியா வீட்டுக்கு இழுக்கலாம், கொஞ்சம் லினக்ஸ் தெரிஞ்சிருக்கணும்.

ஐபிவி6 (ஐபிவி4-க்கு அடுத்து வந்த புது அட்ரஸ் முறை) இருந்தா அதுவும் ஒரு வழி, அங்க நாட்டே கிடையாது, ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனி அட்ரஸ், ரூட்டர் ஃபயர்வால்ல அந்த போர்ட்ட அனுமதிச்சா போதும். ஆனா வர்றவங்க எல்லாருக்கும் ஐபிவி6 இருக்கணும், ஒருத்தருக்கு இல்லன்னாலும் அவர் வெளியதான் நிக்கணும்.

கேள்வி: ஒரு அம்மாவா கேக்கறேன். பையன் ரூட்டர் பாஸ்வேர்ட் கேக்கறான், ஏதோ போர்ட் தொறக்கணுமாம். தொறந்தா ஹேக்கர் யாராவது உள்ள வந்துட மாட்டாங்களா? பேங்க் வேலை எல்லாம் அதே வைஃபைலதான் பாக்கறோம்.

பதில்: பயம் நியாயமானதுதான் மேடம், ஆனா முழுசா இல்ல. ஒரு போர்ட்ட ஃபார்வர்ட் பண்ணா வீடு மொத்தமும் தொறந்துடாது, அந்த போர்ட்ல காது குடுத்துட்டு இருக்கற ஒரே ஒரு புரோகிராம் மட்டும்தான் வெளில தெரியும். அதனால கேள்வி "அந்த புரோகிராம்ல ஓட்டை இருக்கா"ங்கறதுதான். இருந்திருக்கு. 2021 டிசம்பர்ல லாக்ஃபார்ஜேங்கற ஜாவா லைப்ரரில லாக்4ஷெல்னு ஒரு ஓட்டை வெளிய வந்துது, மைன்கிராஃப்ட்ல சாட் பாக்ஸ்ல ஒரு வரி டைப் பண்ணாலே சர்வர் ஓடற கம்ப்யூட்டர்ல அவங்க இஷ்டத்துக்கு புரோகிராம் ஓட்ட முடிஞ்சுது. 1.18.1 வெர்ஷன்ல அத அடைச்சுட்டாங்க. பையன் ஏதோ பழைய மாட்-க்காக (mod, கேம மாத்தற கூடுதல் ஃபைல்) பழைய வெர்ஷன் சர்வர் ஓட்டறானான்னு மொதல்ல கேளுங்க, பழசுதான் வேணும்னா அதுக்கான பேட்ச் போட்டிருக்கானான்னு கேளுங்க.

அப்பறம் ஒயிட்லிஸ்ட் ஆன்ல இருக்கணும், லிஸ்ட்ல இருக்கற ஃப்ரெண்ட்ஸ் மட்டும்தான் வர முடியும். 25565-ஐ தேடிட்டு இன்டர்நெட் முழுக்க சுத்தற ஸ்கேனர் நிறைய இருக்கு, சர்வர் லாக்ல முன்பின் தெரியாத பேர் வந்து தட்டிட்டு போறத அவனே காட்டுவான். ஆன்லைன்-மோட் (வர்றவர் நிஜ அக்கவுண்ட்தானான்னு சரிபாக்கற செட்டிங்) ட்ரூன்னு இருக்கணும், அத ஃபால்ஸ் பண்ணிட்டா யார் வேணா உங்க பையன் பேர போட்டுக்கிட்டே உள்ள வந்து அட்மின் ஆயிடலாம், ஒயிட்லிஸ்ட் வெறும் அலங்காரம்தான். ரூட்டர்ல டிஎம்இசட்னு ஒரு ஆப்ஷன் இருக்கும், வீடியோல சிலர் "இத போட்டா உடனே வேலை செய்யும்"னு சொல்வாங்க, செய்யும், எல்லா போர்ட்டையும் அந்த கம்ப்யூட்டருக்கு தள்ளி விட்டுடும், அந்தப் பக்கமே போக வேணாம். ஆர்கான் போர்ட் 25575-ஐயும் ஃபார்வர்ட் பண்ணக்கூடாது, அது சர்வர வெளிய இருந்து ஆட்டி வைக்கற வழி, பாஸ்வேர்ட் கூட என்கிரிப்ட் ஆகாம போகும்.

யூபிஎன்பி பத்தி வீட்டுக்கு வீடு சண்டை நடக்குது. கேம் தானே போர்ட்ட தொறந்துக்கும், வசதிதான், ஆனா உள்ள இருக்கற எந்த புரோகிராமும் உங்கள கேக்காம அதையே பண்ணலாம். நான்னா ஆஃப் பண்ணிட்டு கையாலயே ரூல் போட்டுப்பேன். முடிஞ்சா சர்வர உங்க பேங்க் வேலை நடக்கற கம்ப்யூட்டர்ல ஓட்டாம தனியா ஒரு பழைய மிஷின்ல ஓட்ட சொல்லுங்க. பாஸ்வேர்ட அவன்கிட்ட குடுக்கறத விட நீங்களும் பக்கத்துல உக்காந்து சேந்து அந்த ரூல போடுங்க, உங்களுக்கும் ரூட்டர் பேஜ்ல எது எங்க இருக்குன்னு பிடிபடும்.

கேள்வி: சர்வர 1.20.4-ல இருந்து புது வெர்ஷனுக்கு மாத்தினேன், ஜாவா 21 கேட்டுச்சு, போட்டேன். நான் விளையாட முடியுது. நேத்து வரைக்கும் வந்துட்டு இருந்த தம்பி கம்ப்யூட்டர்ல கூட இப்ப வரல. ரூட்டர்ல கை வைக்கவே இல்ல!

பதில்: ரூட்டர் மேல சந்தேகமே வேணாம், வீட்டுக்குள்ளயே வரலன்னா விண்டோஸ் ஃபயர்வால்தான். 1.20.5-ல இருந்து குறைஞ்சது ஜாவா 21 வேணும், அது புது ஃபோல்டர்ல போய் உக்காந்திருக்கும். "இந்த புரோகிராம அனுமதிக்கவா"ன்னு விண்டோஸ் கேட்டு போடற ரூல் அந்த ஃபைலோட முழு பாதைய வெச்சுதான் இருக்கும், அதனால பழைய ஜாவாவுக்கு குடுத்த அனுமதி புதுசுக்கு செல்லாது. புரோகிராம வெச்சு இல்லாம டிசிபி 25565-க்கு இன்பவுண்ட் ரூல் (உள்ள வர்ற கனெக்ட்க்கான அனுமதி) ஒண்ணு போட்டுடுங்க, அடுத்த தடவ ஜாவா மாறினாலும் இந்த தொல்லை வராது. வீட்டு வைஃபை "பப்ளிக்"னு மார்க் ஆகியிருக்கான்னும் பாருங்க, ரூல் பிரைவேட்டுக்கு மட்டும் இருந்தா அதுவும் தடுக்கும்.

கேள்வி: ஸ்பீட் டெஸ்ட்ல 100 எம்பி காட்டுது, கம்ப்யூட்டர்ல 16 ஜிபி ரேம், சர்வருக்கு 12 ஜிபி குடுத்திருக்கேன். ஆனாலும் சாயங்காலம் ஆனா பயங்கர லேக், ஒடச்ச பிளாக் திரும்ப வந்து நிக்குது. என்னதான் பண்றது?

பதில்: லேக்ல ரெண்டு சாதி இருக்கு, மொதல்ல எதுன்னு பிரிங்க. சர்வர் கம்ப்யூட்டர்லயே உக்காந்து விளையாடற உங்களுக்கும் பிளாக் திரும்ப வருதுன்னா நெட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, சர்வர் மூச்சு வாங்குது. மைன்கிராஃப்ட் ஒரு நொடிக்கு 20 டிக் (கேம் உலகத்த ஒரு தடவ கணக்கு போடற சுத்து) ஓடணும், ஒரு டிக்குக்கு 50 மில்லிசெகண்ட்தான் டைம். அத தாண்டி பின்தங்கிட்டே போனா கன்சோல்ல "கான்ட் கீப் அப்"னு புலம்ப ஆரம்பிச்சுடும். 1.20.3-க்கு மேலன்னா டிக் குவெரின்னு கமாண்ட் குடுத்து ஒரு டிக்குக்கு எவ்வளவு ஆகுதுன்னே பாக்கலாம். வியூ டிஸ்டன்ஸ் (எவ்வளவு தூரம் தெரியணும்ங்கறது) 10-ல இருக்கும், அத 7, 8-க்கு எறக்குங்க, சிமுலேஷன் டிஸ்டன்ஸையும் (எவ்வளவு தூரம் வரைக்கும் மிருகம், செடி எல்லாம் இயங்கணும்ங்கறது) எறக்குங்க, பெரும்பாலும் இதுலயே அடங்கிடும். கேம்ல நூத்துக்கணக்குல கோழி வளத்து சர்வர திணறடிக்கற ஃப்ரெண்ட் யாராவது இருந்தா அன்பா பேசி பாருங்க.

12 ஜிபி குடுத்தது வேற தப்பு. மிச்சம் 4 ஜிபில விண்டோஸும் பிரவுசரும் உங்க கேமும் ஓடணும், இடம் பத்தாம டிஸ்க்க தொட ஆரம்பிச்சா எல்லாமே திக்கும். மாட் இல்லாத சர்வருக்கு சில பேர்தான்னா 4 ஜிபி தாராளம்.

உங்களுக்கு ஸ்மூத்தா இருக்கு, வெளிய இருக்கறவங்களுக்கு மட்டும்தான் லேக்னா அது நெட். நீங்க பாத்த 100 டவுன்லோடு, சர்வருக்கு வேண்டியது அப்லோடு. சாயங்காலம்னு சொன்னதுதான் என் கண்ண உறுத்துது, எல்லாரும் வீட்டுக்கு வந்ததும் அவங்கவங்க போன் வைஃபை கிடைச்ச சந்தோஷத்துல அன்னைக்கு எடுத்த போட்டோ வீடியோ எல்லாத்தையும் கிளவுடுக்கு ஏத்த ஆரம்பிக்கும், அப்லோடு பைப் நிரம்பி கேம் பாக்கெட் எல்லாம் ரூட்டர்ல வரிசைல காத்துட்டு நிக்கும். சோதிக்கறது சுலபம், ஒரு விண்டோல 8.8.8.8-க்கு விடாம பிங் ஓட விட்டுட்டு போன்ல பெரிய வீடியோ ஒண்ண அப்லோடு போடுங்க, 20-ல இருந்த பிங் 300, 400-ன்னு எகிறினா ஆள் பிடிபட்டாச்சு. ரூட்டர்ல எஸ்க்யூஎம் அல்லது க்யூஓஎஸ் (பாக்கெட் வரிசைய ஒழுங்கு பண்ற வசதி) இருந்தா அப்லோட நிஜ வேகத்துல 85, 90 சதவீதத்துக்கு கட்டி வைங்க. சர்வர் வைஃபைல ஓடுதுன்னா அதுக்கும் முன்னாடி ஒரு கேபிள் இழுங்க.

கேள்வி: வால்ஹெய்ம் சர்வர். போர்ட் செக் பண்ற தளம் "க்ளோஸ்ட்"னு சொல்லுது, ஆனா ஃப்ரெண்ட்ஸ் விளையாடிட்டுதான் இருக்காங்க. எத நம்பறது?

பதில்: ஃப்ரெண்ட்ஸ நம்புங்க. அந்த மாதிரி தளங்கள் பெரும்பாலும் டிசிபி மட்டும்தான் பாக்கும், வால்ஹெய்ம் யூடிபிங்கற வேற புரோட்டோகால்ல, போர்ட் 2456, 2457-ல ஓடுது. மைன்கிராஃப்ட் பெட்ராக் யூடிபி 19132, ஃபேக்டோரியோ யூடிபி 34197, பால்வேர்ல்டு யூடிபி 8211, இதுக்கெல்லாம் அந்த தளம் உதவாது. டெராரியா டிசிபி 7777, அதுக்கு ஓகே, ஆனா செக் பண்ணும்போது சர்வர் ஓடிட்டு இருக்கணும், இல்லன்னா ஃபார்வர்ட் சரியா இருந்தாலும் க்ளோஸ்ட்னுதான் வரும்.

கேள்வி: ஐபி அடிக்கடி மாறுது, ஒவ்வொரு தடவையும் குரூப்ல புது நம்பர் போட வேண்டியிருக்கு.

பதில்: டைனமிக் டிஎன்எஸ். டக்டிஎன்எஸ்ல இலவசமா ஒரு பேர் வாங்கிக்கலாம், நிறைய ரூட்டர்ல இதுக்குன்னே ஒரு பக்கம் இருக்கு. ஃப்ரெண்ட்ஸ் பேர மட்டும் போட்டா போதும், பின்னாடி நம்பர் மாறிட்டே இருக்கட்டும்.

கேள்வி: நான் தூங்க போனதும் அரை மணி நேரத்துல எல்லாரும் வெளிய தள்ளப்படறாங்களாம். காலைல பாத்தா சர்வர் நல்லாதான் ஓடிட்டு இருக்கு. அப்படியே இன்னொண்ணு, சர்வர் ஓடும்போதே வேர்ல்ட் ஃபோல்டர காப்பி எடுக்கலாமா?

பதில்: நீங்க தூங்கினா கம்ப்யூட்டரும் தூங்குது, காலைல மவுஸ அசைக்கறீங்க, அதுவும் முழிச்சுக்குது. பவர் செட்டிங்ஸ்ல ஸ்லீப்ப நெவர்னு வைங்க, மானிட்டர் மட்டும் அணைஞ்சா போதும்.

காப்பி எடுக்கலாம், ஆனா அப்படியே எடுத்தா பாதி எழுதின ஃபைல் மாட்டும். கன்சோல்ல சேவ்-ஆஃப் குடுங்க, அப்பறம் சேவ்-ஆல் ஃப்ளஷ், "சேவ்ட்"னு வந்ததும் ஃபோல்டர காப்பி பண்ணிட்டு சேவ்-ஆன் குடுங்க. அந்த கடைசி சேவ்-ஆன் ரொம்ப முக்கியம், அத மறந்துட்டு நடுவுல கரண்ட் போச்சுன்னா அதுக்கப்பறம் கட்டின கோட்டை எல்லாம் போயிடும், ஃப்ரெண்ட்ஸுக்கு பதில் சொல்ல என்கிட்ட வராதீங்க.